ஃபிட்டர், டர்னர், வெல்டர் சங்கம்: நாகர்கோவில் பட்டறைப் பையன்கள் கேட்ட கேள்விகள்

லேத் என்கிற கடைசல் எந்திரத்தின் முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் நான். பாதி அம்பத்தூரில், மீதி நாகர்கோவிலில். ஓய்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை கோணம் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால், ஐ.டி.ஐ. பையன்களும் பட்டறைப் பையன்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துவிடுவார்கள். சங்கப் பேச்சு வந்தால் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போனது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

"இன்ஜினியரிங் தொழிலாளர் சங்கம்னா பி.இ. படிச்சவங்க சங்கமா அண்ணாச்சி?"

இல்லை மக்கா. நம் மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரி இருப்பதால் வருகிற குழப்பம் இது. பிரிட்டனில் பழைய சங்கப் பேச்சில் 'இன்ஜினியர்' என்றால் எந்திரத்தைக் கையால் செய்கிறவன். ஃபிட்டர், டர்னர், கொல்லன், வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவன், ஆலைச் சக்கரங்களைப் பூட்டுகிற மில்ரைட், இவர்கள் எல்லாரும் அதில் அடங்குவார்கள். கரி படிந்த கை உள்ளவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும்தான்.

"மொதல்ல இதைத் தொடங்கினது யாரு? எந்த வருஷம்?"

1826இல் மான்செஸ்டரில் நீராவி எஞ்சின் செய்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு இரண்டே வருஷம் முன்புவரை தொழிலாளர் கூடிக் கூலி பேசுவதே அங்கே குற்றம். 1824இல்தான் அந்தத் தடைச் சட்டங்களை எடுத்தார்கள். அதனால் ஆரம்பத்தில் இதெல்லாம் 'நண்பர் உதவிச் சங்கம்' என்ற பெயரில்தான் நடந்தது. நோய்க்கு உதவி, சாவுக்கு உதவி என்று வெளியே பேர். உள்ளே கூலிப் பேச்சு.

ஊருக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த இந்தச் சங்கங்களில் பலவும் 1851 ஜனவரியில் ஒன்றாய்ச் சேர்ந்தன. அதுதான் 'அமால்கமேட்டட் சொசைட்டி ஆஃப் இன்ஜினியர்ஸ்'. 'இணைந்த பொறியாளர் சங்கம்' என்று சொல்லலாம். இனி நான் 'அந்தச் சங்கம்' என்றால் இதைத்தான் சொல்கிறேன். வில்லியம் நியூட்டன், வில்லியம் ஆலன் என்ற இருவர் ஊர் ஊராய்ப் போய்ப் பேசிச் சேர்த்தார்கள். நியூட்டன் மேடைப் பேச்சாளர். ஆலன் கணக்குப் புத்தகக்காரர். 1874இல் சாகும்வரை ஆலன்தான் பொதுச்செயலாளர். எனக்கு எப்போதும் ஆலனைத்தான் கூடுதல் பிடிக்கும். காரணம் அடுத்த பதிலில்.

"சந்தா எவ்வளவு வாங்கினாங்க? நாம மாசம் இருபது ரூபா கேட்டாலே ஓடுறானுவ."

வாரம் ஒரு ஷில்லிங். தேர்ந்த ஃபிட்டருக்கு அப்போது வாரக்கூலி ஏறத்தாழ 30 ஷில்லிங். கூலியில் முப்பதில் ஒரு பங்கு! இன்றைக்கு மாதம் 18,000 வாங்குகிற வெல்டர் 600 ரூபாய் சந்தா கொடுப்பது மாதிரி. நம்மூரில் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் திரும்பக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். வேலை போனால் வாரா வாரம் காசு. படுத்தால் காசு. பட்டறையில் கை போனால் மொத்தமாய் ஒரு தொகை. வயதானால் ஓய்வுத்தொகை. செத்தால் அடக்கச் செலவு. அரசாங்க ஓய்வூதியமோ இன்சூரன்ஸோ ஏழைக்கு இல்லாத காலம் அது. சங்கத்தை விட்டுப் போனால் இத்தனையும் போகும். அதனால் யாரும் விடவில்லை. கொடியைப் பார்த்துச் சேர்ந்தவன் மழை வந்தால் ஒதுங்குவான். பாஸ்புக்கைப் பார்த்துச் சேர்ந்தவன் நிற்பான். நம்மூரில் சீட்டுப் பிடிக்கிற அக்காமாரிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாய்ச் சொல்வார்கள்.

நான் அம்பத்தூரில் முதலில் சேர்ந்த ஒரு சங்கம் எப்படிப் போனது தெரியுமா? அடக்குமுறை ஒன்றும் இல்லை. பொருளாளர் சந்தாப் பணத்தை மேஜை டிராயரில் வைத்திருந்தார், ரசீதுக்கு அடிக்கட்டை இல்லை. இரண்டு வருஷத்தில் ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் போனோம்.

"அப்போ சாவு காரியத்துக்குத்தான் சங்கமா? சண்டையே போடலியா?"

போட்டார்கள். தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கட்டாய ஓவர்டைமும், செய்த உருப்படியை எண்ணிக் கூலி தரும் பீஸ் ரேட்டும் வேண்டாம் என்று 1852 புத்தாண்டு முதல் மறுத்தார்கள். லண்டனிலும் லங்காஷயரிலும் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து ஜனவரியிலேயே பட்டறைகளைப் பூட்டினார்கள். வேலைநிறுத்தம் தொழிலாளி செய்வது, கதவடைப்பு முதலாளி செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏறக்குறைய மூன்று மாதம் நடந்தது. கைக்காசு தீர்ந்தது. தோற்றார்கள்.

திரும்ப வேலைக்கு வருகிறவன் "எந்தச் சங்கத்திலும் இருக்க மாட்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள் முதலாளிகள்.

"கையெழுத்துப் போட்டவன கருங்காலின்னு ஒதுக்கியிருப்பாங்களே?"

இங்கேதான் அந்தச் சங்கத்தின் மூளை தெரிகிறது. வயிற்றைக் காயப்போட்டு வாங்கிய கையெழுத்து யாரையும் கட்டாது என்று முடிவு செய்தார்கள். பகலில் தாளில் கையெழுத்து, ராத்திரி கிளையில் சந்தா. சங்கத்தில் ஆள் குறைந்தது, ஆனால் சில வருஷத்தில் மீண்டது. நம்மில் ஒருவன் நிர்ப்பந்தத்தில் வளைந்துவிட்டால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருக்கிறோமே, அந்த வீம்பு அங்கே இல்லை.

கையெழுத்துப் போட மனசில்லாத சிலர் கப்பலேறினார்கள். 1852இல் 'பிரான்சிஸ் வாக்கர்' என்ற கப்பலில் சிட்னிக்குப் போனவர்கள், கரை சேருமுன்னே நடுக்கடலில் கூட்டம் போட்டு அந்தச் சங்கத்துக்கு ஆஸ்திரேலியக் கிளையைத் தொடங்கிவிட்டார்கள். வளைகுடாவுக்கு வெல்டர் அனுப்புகிற மாவட்டம் நம்முடையது. இந்தக் கதையைக் கேட்டால் நம் பையன்களுக்கு ஒரு கேள்வி வரும். அது கடைசியில் இருக்கிறது.

"எட்டு மணி நேர வேலை இவங்க வாங்கித் தந்ததுதானே?"

பாதி சரி. 1871இல் நியூகாசில் பக்கத்தில் ஒன்பது மணி நேர வேலைக்காக ஐந்து மாதம் நின்று ஜெயித்தார்கள். அதை நடத்தியது சங்கத் தலைமை இல்லை, உள்ளூர்த் தொழிலாளர் வைத்த ஒன்பது மணிக் குழு. தலைமை முதலில் தயங்கியது. கணக்குப் புத்தகத்தை இறுகப் பிடித்திருப்பவனுக்குப் பணம் செலவாகும் என்ற பயமும் கூடவே வரும். ஆலனைப் புகழ்ந்த நானே இதையும் சொல்ல வேண்டும். அந்தக் குழுவை நடத்திய ஜான் பர்னெட் பிறகு சங்கத்துக்கே பொதுச்செயலாளர் ஆனார்.

எட்டு மணி நேரம் கேட்டது 1897இல். முதலாளிகள் நாடு முழுக்கக் கூட்டமைப்பு வைத்து ஜூலையில் கதவடைத்தார்கள், 1898 ஜனவரிவரை. மறுபடி தோல்வி. எட்டு மணி கிடைக்காததோடு, எந்த எந்திரத்தில் யாரை நிறுத்துவது என்பது முதலாளியின் உரிமை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வாரம் 47 மணி நேரம் என்று குறைந்தது முதல் உலகப்போர் முடிந்த பிறகு, 1919இல். எட்டு மணி நேர வேலைக்கு ஒரே தேதி, ஒரே வெற்றி என்று மேடையில் சொல்வார்கள். நடந்தது இழுபறி.

"ஹெல்பரையும் சேத்துக்கிட்டாங்களா? எங்க மேஸ்திரி ஹெல்பர மனுசனாவே மதிக்க மாட்டாரு."

சேர்க்கவில்லை. அந்தச் சங்கத்தின் பெரிய ஊனம் இதுதான். வருஷக்கணக்கில் தொழில் பழகி முடித்தவனுக்கு மட்டும்தான் உள்ளே இடம். மேலே சொன்ன 1852 சண்டையிலேயே ஒரு கோரிக்கை என்ன தெரியுமா? தானே ஓடும் புது எந்திரங்களில் நிற்கும் பழகாத கூலிக்காரனை வெளியே அனுப்பு என்பது. அவனும் ஏழைதானே! தன் தொழிலைக் காப்பதாக நினைத்துத் தன் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கதவடைத்தார்கள். முதலாளி அதை நன்றாய்ப் பயன்படுத்திக்கொண்டார்.

முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, வெடிகுண்டு ஓடுகளைக் கடையப் பெண்கள் லேத்துக்கு வந்தார்கள். சில வருஷம் பழக வேண்டும் என்று சொல்லிவந்த வேலையைச் சில வாரத்தில் கற்றார்கள். அப்போதும் சங்கம் கதவைத் திறக்கவில்லை. 1920இல் வேறு ஒன்பது சங்கங்களோடு சேர்ந்து 'இணைந்த பொறியியல் சங்கம்' என்று புதுப் பெயர் வந்தது. 1926இல்தான் பழகாத தொழிலாளிக்கும் இடம். பெண்களுக்கு 1943இல். தொடங்கி 92 வருஷம்.

நம் பட்டறையில் பாருங்கள். லேத் மேஸ்திரிக்கு ஒரு கூலி, கிரைண்டர் பிடிக்கும் பையனுக்கு அதில் பாதிக்கும் கீழ். வடநாட்டிலிருந்து வந்த பையனுக்கு இன்னும் குறைவு. அவனை விட்டுவிட்டுச் சங்கம் வைத்தால் நாளைக்கு உங்கள் இடத்தில் நிற்கப்போவது அவன்தான்.

"ஷாப் ஸ்டூவர்டு ஷாப் ஸ்டூவர்டுங்காங்களே, அது யாரு?"

ஒவ்வொரு பட்டறையிலும் தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஆள். சந்தா வாங்குவதும் அட்டையைச் சரிபார்ப்பதும்தான் முதலில் அவர் வேலை. முதல் உலகப்போரில் கிளாஸ்கோ பக்கம் தலைமை அரசாங்கத்தோடு ஒத்துப்போனபோது, போராட்டத்தை இந்த ஆட்களே கையில் எடுத்தார்கள். அம்பத்தூரில் 'டிபார்ட்மெண்ட் பிரதிநிதி' என்போம்.

"வெள்ளக்காரன் கதை போதும். நம்ம நாட்டுல எப்ப வந்துச்சு?"

சென்னையில், 1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம். பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. கூடவே நின்றார்.

அந்த ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத் தடை வாங்கியது. வேலைக்கு வராதே என்று சொல்வதே ஒப்பந்தத்தைக் கெடுக்கும் குற்றம் என்பது வாதம். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்குப் புரிந்தது. 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க வேலைக்காகச் சதி வழக்கும் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாதபடி 17, 18ஆம் பிரிவுகள் அதில்தான் வந்தன.

"அது நூல் மில்லு இல்லியா? இரும்பு வேலைக்காரன் எங்க போனான்?"

ரயில்வே பட்டறைக்கு. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஃபிட்டரும் டர்னரும் கொல்லரும் ஒரே கூரையின் கீழ் நின்ற இடம் அதுதான். தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினம் பட்டறையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது, ஆட்குறைப்புக்காகக் கைத்திறன் சோதனை வைத்தது. இருபது வருஷம் வேலை பார்த்தவனை ஒரு துண்டு இரும்பைக் கொடுத்து அராவிக் காட்டு என்றால் எப்படி இருக்கும்! 1928 ஜூலையில் வேலைநிறுத்தம். பத்து நாளில் அடக்கினார்கள். போராட்டத் தலைவர்களில் ஒருவரான பொதுவுடைமைவாதி சிங்காரவேலருக்குப் பத்து ஆண்டுத் தண்டனை விழுந்தது. பிறகு குறைத்து 1930இல் விட்டார்கள்.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். வருஷா வருஷம் அங்கே அஞ்சலி உண்டு. திருச்சிப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

"நம்ம ஊருல இது ஒண்ணுமே இல்லியே, ஏன்? நாம அப்ப திருவிதாங்கூருல்லா?"

அதேதான். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. பிரிட்டிஷ் இந்தியாவின் 1926 சட்டம் சமஸ்தானத்தில் செல்லாது. இங்கே சங்கத்துக்கு மையம் ஆலப்புழை. 1922இல் கயிற்று ஆலைத் தொழிலாளருக்காக வாடப்புறம் பாவா தொடங்கிய சங்கம். சமஸ்தானத்துக்கென்று தனித் தொழிற்சங்கச் சட்டம் 1937இல் வந்தது.

இரண்டாவது காரணம் ரயில். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல். ரயில்வே பட்டறை இல்லை, பெரிய இரும்பு ஆலை இல்லை. இரும்பு வேலைக்காரன் கொஞ்சம் கூட்டமாய் நின்றது பஸ் பட்டறையில்தான். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் பஸ் விட்டபோது, அதை நடத்த லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்ட்டர் என்ற அதிகாரியைக் கொண்டுவந்தார்கள். அடிச்சட்டம் சீமையிலிருந்து, மேற்கூடு திருவனந்தபுரத்தில் நம் கைகளால். இன்றைக்கும் மாவட்டத்தில் மெக்கானிக் சங்கம் என்று பார்த்தால் ராணித்தோட்டம் அரசு பஸ் பணிமனையில்தான் கூட்டம் இருக்கும். அதற்கு அடுத்து மணவாளக்குறிச்சி மணல் ஆலைப் பராமரிப்புப் பிரிவு.

மற்றபடி நம் தொழில் சிதறிக் கிடக்கிறது. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் படகு எஞ்சின் பழுது, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர், ஆரல்வாய்மொழியில் காற்றாலை, வடசேரி கோட்டாறில் கிரில் பட்டறை. முந்திரி ஆலைப் பெண்களும் ரப்பர்த் தோட்டத்தாரும் சங்கம் வைத்து ஜெயித்த மாவட்டத்தில் வெல்டருக்குச் சங்கம் வேரூன்றாததற்குக் காரணம் பயமில்லை. ஒரே கேட் இல்லை, அதுதான்.

"ஜீவா நம்ம பூதப்பாண்டிக்காரருல்லா? அவரு நம்ம பட்டறைக்காரங்களுக்கு ஒண்ணும் செய்யலியா?"

பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் 1907இல் பூதப்பாண்டியில் பிறந்தவர்தான். அவர் தொழிற்சங்க வேலை பெரும்பாலும் கோவை, சென்னைப் பக்கம். ஊருக்குப் பெருமை, சரி. அதற்காக அவர் பெயரில் இல்லாத கதையைச் சேர்க்க வேண்டாம்.

"எங்க ஒர்க்ஷாப்புல மூணே பேரு. சங்கம் வைக்க முடியுமா, முடியாதா?"

உங்கள் பட்டறைக்குள் மட்டும் என்றால் முடியாது. பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். முன்பு 7 பேர் இருந்தாலே போதும் என்றிருந்ததை 2001 திருத்தம் இறுக்கியது. அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் உள்ளவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது. எப்படியும் 7க்குக் குறையக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் 1926 சட்டத்தின் இடத்துக்குத் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. இந்த எண்ணிக்கைகள் அதிலும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் 'தொழில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே கேட்டுக்குள் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாவட்டத்து லேத், வெல்டிங், எஞ்சின் பழுது வேலைக்காரர்கள் 100 பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். அந்தச் சங்கமும் 1851இல் இப்படித்தான், சின்னப் பட்டறைகளை ஊர்க் கிளையில் சேர்த்தது.

"மொதலாளி எங்க சித்தப்பா. நானே அவருக்கு எதிரா கொடி பிடிச்சா வீட்டுல சோறு கெடைக்குமா?"

சிரிப்பு வந்தாலும் நம் மாவட்டத்தில் இதுதான் கஷ்டமான கேள்வி. பட்டறைக்காரரும் காலையில் அதே லேத்தில்தான் நிற்கிறார். காற்றாலைக் காண்ட்ராக்டர் பில்லை இழுத்தடித்தால் அவரும்தான் திண்டாடுகிறார். அவரிடம் நாலு பேர் போய்க் கோஷம் போட்டால் பட்டறை மூடும், அவ்வளவுதான்.

சந்தாக் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் பாருங்கள். முதலில் உதவி நிதி வையுங்கள். கண்ணில் பொறி பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு, விரல் போனால் இவ்வளவு என்று. அதில் சித்தப்பாவும் கொஞ்சம் போட்டால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பொறுப்பில் அவர் இருக்கக் கூடாது. கூலி விஷயத்தை ஒரு பட்டறையில் பேசாதீர்கள். ஊர் முழுக்க ஒரே மணிக்கூலி என்று பேசினால் சித்தப்பாவுக்கும் நஷ்டமில்லை, பக்கத்துப் பட்டறைக்காரன் கூலி குறைத்து அவர் வேலையைப் பிடிக்க முடியாது.

"நல வாரியத்துல பதிஞ்சிருக்கேன். பின்ன எதுக்குச் சங்கம்?"

1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த வாரியம் நல்ல விஷயம். கட்டாயம் பதியுங்கள். பிள்ளை படிப்பு, கல்யாணம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவி உண்டு. அந்தச் சங்கம் ஒரு ஷில்லிங்குக்குச் செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று அரசு செய்கிறது. ஆனால் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி தரவில்லை என்று வாரியம் வந்து கேட்காது.

"கட்சி இல்லாம சங்கம் நடக்குமா?"

சட்டப்படி நடக்கும். அரசியல் நிதி தனி, பொது நிதி தனி. அரசியல் நிதிக்குக் காசு தராதவனைச் சங்கத்தில் ஒதுக்கக் கூடாது என்பது 1926 சட்டத்திலேயே வந்தது. நடைமுறையில் நாட்டின் பெரிய சங்கங்களைத் தொடங்கிய வருஷத்தோடு பாருங்கள்: ஏ.ஐ.டி.யு.சி. 1920, ஐ.என்.டி.யு.சி. 1947, எச்.எம்.எஸ். 1948, பி.எம்.எஸ். 1955, சி.ஐ.டி.யு. 1970 என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கொள்கைச் சார்பு இருக்கிறது. பெரிய சங்கத்தில் இணைந்தால் வக்கீல் கிடைப்பார், அலுவலகம் கிடைக்கும். வங்கிக் கணக்கு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

"அந்தச் சங்கம் இப்பவும் இருக்கா?"

அந்தப் பெயரில் இல்லை. 1992இல் மின்தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது, 2001இல் 'அமிகஸ்' ஆனது, 2007இல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து 'யுனைட்'.

"கப்பல்ல கிளை வச்ச மாதிரி நாங்க துபாய்ல வைக்கலாமா?"

வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் தொழிற்சங்கத்துக்கு அனுமதி இல்லை. வேலையை நிறுத்தினால் நாடு கடத்தலில் போய் முடியும். பஹ்ரைனில் 2002 முதல் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் புதிதாய்ப் போன வெல்டர் அதை நம்பி இறங்கக் கூடாது. சிட்னிக்குப் போனவர்கள் அவர்கள் மொழியே பேசும் ஊருக்குக் குடியேறப் போனவர்கள். நீங்கள் இரண்டு வருஷ விசாவில் போகிறவர்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரில் சங்கம் வைத்தால், வெளிநாடு போனாலும் சந்தாவை நிறுத்தாமல் வீட்டில் இருப்பவர்கள் மூலம் கட்டுங்கள். ஒப்பந்தத் தாளின் நகல் ஒன்றைச் சங்க அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். போன வருஷம் நம் பையன் ஒருவனுக்கு அங்கே நான்கு மாதச் சம்பளம் பாக்கி. இங்கே யாரிடமும் நகல் இல்லாததால் மனு எழுத உட்கார்ந்தவர்களுக்குக் கம்பெனியின் முழுப் பெயர்கூடத் தெரியவில்லை. அவன் அம்மா பீரோவைக் குடைந்து கல்யாணப் பத்திரிகையைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.